பாப்பாவுக்கு அஞ்சு வயசு முடிஞ்சா கஸ்டடி தானா அப்பாவுக்கு வந்துடுமா?

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கேன். வயசு 34. எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூக்கம் வராம ஃபோன்லயே அடிச்சிட்டு இருக்கேன்.

நானும் வீட்டுக்காரம்மாவும் பிரிஞ்சு 14 மாசம் ஆச்சுங்க. அவங்க மதுரைல அவங்கம்மா வீட்ல இருக்காங்க, அங்கயே ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறாங்க. பாப்பா அவங்ககிட்ட. சண்டை எதனாலன்னு இங்க எழுத விரும்பலைங்க. குடி, அடிதடி எதுவும் கிடையாது. ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு, என் பக்கம் கொஞ்சம் தூக்கலாவே இருக்கும். இதுவரைக்கும் கேஸ், நோட்டீஸ்னு எதுவும் இல்ல. பெரியவங்க ரெண்டு தடவை உக்காந்து பேசினாங்க. ரெண்டாவது தடவை வெச்ச டீயைக்கூடத் தொடாம எந்திரிச்சுட்டாங்க.

வர்ற கார்த்திகைல பாப்பாவுக்கு அஞ்சு வயசு முடியுது. எங்க தாய்மாமா சொல்றாரு, "அஞ்சு வயசு வரைக்கும்தான்டா சட்டம் அம்மா பக்கம். அதுக்கப்புறம் பிள்ளை அப்பனுக்கு. பேசாம இரு, பொறந்தநாள் முடிஞ்ச மறுநாள் கேஸைப் போடு"ங்கறாரு. அவர் ஊர்ல நாலு பஞ்சாயத்து பண்ணினவரு, அதனால வீட்ல எல்லாரும் அதையே பிடிச்சிட்டாங்க.

இந்த 14 மாசத்துல பாப்பாவை நாலு தடவைதான் பாத்திருக்கேன். கடைசியா ஆடி மாசம், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட்ல அரை மணி நேரம். மச்சான் கூட்டிட்டு வந்து பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாரு. பாப்பா நல்லாத்தான் பேசுச்சு. நடுவுல "உங்க வீட்ல பூனை இன்னும் இருக்கா?"ன்னு கேட்டுச்சுங்க. அது வளத்த பூனை அது. பேர் வெச்சதும் அதுதான். இப்ப "உங்க வீடு"ங்குது. தாராபுரம் வர்ற வரைக்கும் பஸ்ல எனக்கு வேற ஒண்ணுமே ஓடலைங்க.

மாமா சொல்றது நெசமா? கேஸ் போட்டா திருப்பூர்ல போடலாமா, மதுரைக்குத்தான் போகணுமா? மாசம் 6,000 ரூபா ஜிபே பண்ணிட்டு இருக்கேன். பாக்க விடாதவங்களுக்கு எதுக்குப் பணம், நிறுத்துன்னு அண்ணன் சொல்றாரு. நிறுத்தினா வழிக்கு வருவாங்களா? இன்னொண்ணு, ஒரு ஞாயித்துக்கிழமை வெளிய கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு இங்க கூட்டிட்டு வந்து வெச்சுக்கிட்டா என்ன ஆகும்? தப்பா நினைக்காதீங்க. கேக்கறேன், அவ்ளோதான்.

சிங்கக்குட்டி 88

ப்ரோ இதுல யோசிக்க என்ன இருக்கு? பெத்த அப்பன் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா அது கடத்தல் ஆகாது. அப்பாதான் நேச்சுரல் கார்டியன்னு சட்டத்துலயே இருக்கு. கார் எடுத்துட்டுப் போங்க, ரெண்டு ஆளைக் கூட்டிட்டுப் போங்க, வந்துடுங்க. அப்புறம் அவங்க உங்க பின்னாடி கோர்ட்டுக்கு அலையட்டும். பணத்தை இந்த மாசமே கட் பண்ணுங்க.

வக்கீலம்மா

மேல இருக்கறதைத் தயவுசெய்து செய்யாதீங்க. பின்னாடி அலையப் போறது யாருன்னு சொல்றேன், கடைசி வரைக்கும் படிங்க. மதுரைல 19 வருஷமா குடும்ப வழக்குதான் நடத்திட்டு இருக்கேன். உங்க மாமா மாதிரி ஒரு மாமா வாரத்துக்கு ஒருத்தர் என் ஆபீஸுக்கு வர்றாரு.

மாமா சொன்னது முழுப் பொய் இல்ல, பாதிச் சட்டம். 1956-ம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 6-வது பிரிவு. அஞ்சு வயசு முடியாத குழந்தை சாதாரணமாத் தாயோட பொறுப்புலதான் இருக்கணும்னு அது சொல்லுது. அதுக்கு மேல நிறுத்திக்குது. அஞ்சு முடிஞ்சதும் தகப்பன்கிட்ட ஒப்படைக்கணும்னு ஒரு வரி கிடையாது. அது நம்ம ஆளுங்க சேத்துக்கிட்டது. அதே சட்டத்துல 13-வது பிரிவு இருக்கு, அதைத்தான் ஜட்ஜ் முதல்ல எடுப்பாங்க. குழந்தையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேல. கேக் வெட்டின மறுநாள் குழந்தை கைமாறும்னு நினைச்சு வந்தவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன்.

'நேச்சுரல் கார்டியன்' சமாசாரம். அப்பா, அவருக்குப் பின் அம்மான்னு அந்தப் பிரிவுல இருக்கறது வாஸ்தவம். ஆனா 'பின்'னு சொன்னா அப்பா செத்த பிறகுதான்னு அர்த்தம் இல்ல, அவர் பொறுப்புல இல்லாத சூழ்நிலையும் அதுல அடங்கும்னு 1999-ல கீதா ஹரிஹரன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. அது ஒருபுறம் இருக்கட்டும். கார்டியன் வேற, கஸ்டடி வேற. காகிதத்துல காப்பாளரா இருக்கறதும், குழந்தை தினமும் யார் வீட்ல தூங்குதுங்கறதும் ஒண்ணு இல்ல.

தூக்கம்னதும் ஞாபகம் வருது. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து எழுதறேன்னீங்களே. நீங்க கட்டிங் டேபிள்ல நிக்கற ராத்திரில பாப்பா யார் பக்கத்துல படுக்கும்? ஜட்ஜ் கேக்கற முதல் கேள்வியே இந்த மாதிரிதான் இருக்கும். ஸ்கூல் விட்டா யார் கூட்டிட்டு வருவா, காய்ச்சல்னா யார் லீவ் போடுவா, 14 மாசமா ஒரு இடத்துல ஒட்டிக்கிட்ட குழந்தையை இப்ப ஏன் பிடுங்கணும். குழந்தைக்கு விவரம் வந்துட்டா அதோட விருப்பத்தையும் கேப்பாங்க. அஞ்சு வயசுக் குழந்தைகிட்ட பேசினாலும் அதையே முடிவா எடுத்துக்க மாட்டாங்க. வயசு ஏற ஏற அந்தப் பேச்சுக்கு எடை கூடும்.

இடம்: 1890-ம் வருஷத்து காப்பாளர் சட்டப்படி குழந்தை வழக்கமா எங்க வசிக்குதோ அந்த ஊர் கோர்ட். அப்ப உங்களுக்கு மதுரைதான். குழந்தைக்கு மட்டும் போடறதை ஜி.டபிள்யூ.ஓ.பி.ன்னு சொல்வோம். விவாகரத்து மனுவோ சேர்ந்து வாழ மனுவோ போட்டா அதுக்குள்ளயே இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவுல குழந்தைக்காகக் கேக்கலாம். எதுவா இருந்தாலும் மெயின் கேஸ் இழுக்கும். அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், கூடவே இடைக்கால மனு, நாங்க ஐ.ஏ.ன்னு சொல்றது, போட்டு விசிட்டேஷன், அதாவது குழந்தையைப் பாக்கற உரிமை, கேளுங்க. எனக்குத் தெரிஞ்சு நியாயமான அப்பாவுக்கு அதைக் கொடுக்காம விட்டது ரொம்ப அபூர்வம்.

தூக்கிட்டுப் போறது: நீங்க திருப்பூர் போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க வக்கீல் ஹைகோர்ட் மதுரைக் கிளைல ஆட்கொணர்வு மனு டைப் பண்ணிட்டு இருப்பாரு. பெத்தவங்களுக்குள்ள உள்ள குழந்தை விஷயத்துக்கும் அந்த மனு செல்லும்னு 2019-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. போலீஸ் வந்து உங்களையும் பாப்பாவையும் கூட்டிட்டு வந்து ஜட்ஜ் முன்னாடி நிறுத்தும். குழந்தை அழுதுட்டே அம்மாகிட்ட ஓடும். அதுக்கப்புறம் நீங்க விசிட்டேஷன் கேட்டாலும் 'கோர்ட் வளாகத்துல வெச்சு, ஆள் முன்னாடிதான்'னு வரும். நம்பிக்கையைத் தொலைச்ச அப்பாவுக்கு ஒரு மணி நேரம் வாங்கறதுக்கு எனக்கு நாக்கு தள்ளும்.

பணம்: நிறுத்தவே கூடாது. பாக்க விடறதுக்கும் செலவுக்குக் கொடுக்கறதுக்கும் சட்டம் முடிச்சுப் போடல. அவங்க ஜீவனாம்ச மனு போட்டா (முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதாவது சி.ஆர்.பி.சி. 125, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். 144) மனு போட்ட தேதியிலிருந்தே கணக்குப் போடுவாங்க. 2020-ல ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்கு அப்புறம் ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்துல எழுதிக் கொடுக்கணும். அந்த 6,000-த்தை மாசாமாசம் ஒரே தேதில அனுப்புங்க, குறிப்புல 'பாப்பா செலவு'ன்னு போடுங்க. நாளைக்கு உங்களுக்காகப் பேசப் போற முதல் சாட்சி அந்த ஜிபே பட்டியல்தான்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா உங்களுக்குத்தான் தேவை. நீங்க ஒரு ஊர், குழந்தை ஒரு ஊர். 2020-ல யஷிதா சாஹு வழக்குல சுப்ரீம் கோர்ட் நேர்ல பாக்கற உரிமை மாதிரியே பேசற உரிமையும் முக்கியம்னு சொல்லியிருக்கு. விசேஷக் காரணம் எதுவும் இல்லைன்னா, குழந்தை யார்கிட்ட இல்லையோ அவங்க தினமும் அஞ்சு பத்து நிமிஷம் பேச வழி இருக்கணும். வீடியோ காலா இருந்தா இன்னும் நல்லது. மனுல இதைத் தனியா எழுதிக் கேளுங்க.

எந்த உத்தரவும் கல்வெட்டு கிடையாது. 1973-ல ரோசி ஜேக்கப் வழக்கு, நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல இருந்து போனதுதான், கஸ்டடி உத்தரவெல்லாம் அந்தந்த நேரத்து நிலைமைக்குப் போடறது, நிலைமை மாறினா மாத்தலாம்னு அப்பவே சொல்லியாச்சு. இன்னைக்கு ஒரு மணி நேரம் கிடைச்சா அது என்னைக்கும் ஒரு மணி நேரமாவே இருக்காது.

சனிக்கிழமை அப்பா

தம்பி, நான் ஏ.சி. மெக்கானிக். சென்னை, அம்பத்தூர். பையனுக்கு இப்ப 12. நாங்க பிரிஞ்சப்ப அவனுக்கு 3. சனிக்கிழமை அப்பான்னு நான் பேர் வெச்சது தமாஷுக்கு இல்ல. ஒம்பது வருஷமா நான் அதுதான்.

வக்கீலம்மா சட்டம் சொல்லிட்டாங்க. நான் என் முட்டாள்தனத்தைச் சொல்றேன், உனக்கு ஆகும்.

நான் முதல்ல கேட்டது ஃபுல் கஸ்டடி. காலைல எட்டு மணிக்கு டூல் பேக்கைத் தூக்கினா ராத்திரி ஒம்பதுக்குத்தான் வீடு. ஏப்ரல், மேன்னா பதினொண்ணு. எங்கம்மாவுக்கு அப்பவே முட்டி வலி, மாடிப்படி ஏற முடியாது. பையன் வந்தா யார் பாத்துப்பாங்கன்னு ஒரு நாள்கூட நான் உக்காந்து யோசிக்கல. "பெருசாக் கேளு, அப்பத்தான் கொஞ்சமாவது கிடைக்கும்"னாங்க. கோயம்பேடு மார்க்கெட்ல பேரம் பேசற கணக்கு. பெருசாக் கேக்கணும்னா அவ மோசமான அம்மான்னு எழுதியாகணும்ல? 11 பக்கம் எழுதினாங்க. படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். படிச்சேன், போட்டேன். அவ கவுண்டர்ல, அதாவது பதில் மனுல, 14 பக்கம். அதுல நான் குடிகாரன், கடன்காரன், இன்னும் எழுத முடியாதது என்னென்னமோ. இப்ப எங்களுக்குள்ள சண்டையே இல்ல தம்பி, அவ அப்பா செத்தப்ப நான் மாலையோட போனேன். ஆனா அந்த 25 பக்கமும் எங்க ரெண்டு வீட்டு பீரோலயும் இருக்கு. பையனுக்குத் தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். உன் மனுல அவங்க நடத்தையைப் பத்தி ஒரு பத்தி வந்தா, அதை அடிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்னு சொல்லிடு. வக்கீல் முனகினாலும் பரவாயில்ல.

அடுத்த கூத்து. கவுன்சிலிங்ல ஒரு வழியா இறங்கி வந்து நாங்களே ஒரு மெமோ எழுதிக் கொடுத்தோம். "இரு தரப்பினருக்கும் வசதிப்படும் நேரத்தில் தகப்பனார் குழந்தையைப் பார்க்கலாம்." எவ்வளவு அழகா இருக்கு பாரு! எட்டு மாசம் யாருக்கும் வசதிப்படல. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. நான் கேட்ட அன்னைக்கு அவளுக்கு வேலை, அவ சொன்ன அன்னைக்கு எனக்கு சர்வீஸ் கால். திரும்ப மனு போட்டு வாங்கினது இப்படி இருந்துச்சு: மாசத்துல முதல், மூணாவது சனிக்கிழமை, காலை 10-லிருந்து 1 மணி, கோர்ட் வளாகத்துல குழந்தைங்களுக்குன்னு இருக்கற அறை. கூட்டிட்டு வர்றது அவ, இல்லைன்னா அவ அண்ணன், வேற யாரும் இல்ல. பையனுக்கு உடம்பு சரியில்லைன்னா முதல் நாள் சாயங்காலத்துக்குள்ள மெசேஜ், விட்டுப்போன அந்தச் சனிக்கிழமைக்குப் பதிலா அடுத்த சனிக்கிழமை. அதுக்கப்புறம் ஒரு மாசம்கூட தவறல. வார்த்தையை எவ்வளவு நுணுக்கமா எழுதறியோ அவ்வளவு சண்டை குறையும். பொங்கல் யாருக்கு, தீபாவளி யாருக்கு, மே மாசத்துல எத்தனை நாள், எத்தனை மணிக்கு எந்த இடத்துல திருப்பி விடறது, ஸ்கூல் மீட்டிங்குக்கு நீ போகலாமா, மார்க் ஷீட் உனக்கும் வருமா, ஆஸ்பத்திரில சேத்தா உனக்கு யார் ஃபோன் பண்ணணும், பாஸ்போர்ட் எடுக்க ரெண்டு பேரும் எப்பக் கையெழுத்துப் போடறது, எல்லாத்தையும். இப்பக் கேட்டா அசிங்கமா இருக்குமேன்னு நினைக்காதே. அப்புறம் கேட்டா சண்டையா இருக்கும்.

சரி, மூணு மணி நேரம் கிடைச்சாச்சு. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. முதல் சனிக்கிழமை இவ்வளவு பெரிய ரிமோட் கார் வாங்கிட்டுப் போனேன். அவன் அந்த அட்டைப் பெட்டி பக்கத்துல உக்காந்து கதவையே பாத்துட்டு இருந்தான். அந்த அறைல இன்னும் நாலஞ்சு அப்பாங்க, எல்லார் கைலயும் பெரிய பெரிய பெட்டி. குழந்தைங்க எல்லாம் கதவைப் பாத்துட்டு. மூணாவது தடவை, முகம் மறந்துடுமோன்னு பயந்து, முதல் தடவை போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டையையே போட்டேன். நாலாவது தடவையும் அதே. அஞ்சாவது தடவை அவன் கேட்டான், "நீ வேற சட்டையே வாங்க மாட்டியா?" அன்னைக்குத்தான் அவன் என்கிட்ட முதல்ல பேசினது.

அப்புறம் பொம்மையை விட்டுட்டேன். டிபன் பாக்ஸ்ல தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு நகவெட்டி. நகம் வெட்டி விடறப்ப பத்து விரலுக்கும் அரை மணி நேரம் ஆகும், கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கலாம். அவன் ஸ்கூல் பையைக் கொண்டுவரச் சொல்லி ஹோம்வொர்க் பண்ணினோம். வீட்ல பண்ற சாதாரண வேலையை அந்த பெஞ்சுல பண்ணினோம், அவ்வளவுதான்.

பண்ணக் கூடாததும் பண்ணியிருக்கேன். "அம்மா என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? வீட்டுக்கு யார் யார் வர்றாங்க?" ரெண்டு தடவை கேட்டிருப்பேன். அதுக்கப்புறம் அவன் நான் எது கேட்டாலும் "தெரியாது"ன்னான். ஸ்கூல்ல என்ன சாப்பாடுன்னா தெரியாது. எந்த கிளாஸ்னா தெரியாது. ஒருத்தர் பக்கம் பேசினா இன்னொருத்தருக்குத் துரோகம்னு நாலு வயசுப் பையனுக்குத் தோணிடுச்சு. அதை உடைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

வெளிய கூட்டிட்டுப் போக அனுமதி வந்தப்புறம் ஒரு நாள் பெரிய மழை. எலெக்ட்ரிக் ட்ரெயின் நடுவுல நின்னுடுச்சு. 40 நிமிஷம் லேட். ஃபோன்ல சார்ஜ் இல்ல, சொல்லல. அவ ஸ்டேஷன் வாசல்ல நின்ன கோலத்தை இன்னைக்கும் மறக்க முடியாது. குடை கைல இருக்கு, விரிக்கவே இல்ல. அடுத்த வாய்தாவுல அவங்க வக்கீல் அதைச் சொல்லி, ரெண்டு மாசம் திரும்ப அந்த அறைக்கே போனோம். எனக்குக் கோபம் வந்துச்சு. ஆனா அந்த 40 நிமிஷம் அவ மனசுல என்னென்ன ஓடியிருக்கும்! மேல ஒரு சிங்கக்குட்டி சொல்லியிருக்காரே, அதுதான் ஓடியிருக்கும்.

இப்ப நிலைமை வேற. மாசத்துல ரெண்டு சனி, ஞாயிறு என் வீட்ல தங்கறான். மே மாசம் 15 நாள். ஸ்பேனர் எல்லாம் அளவு பாத்து எடுத்துக் கொடுப்பான். இதுல பாதிக்கு மேல கோர்ட் கொடுத்தது இல்ல, நேரத்துக்கு வந்து நேரத்துக்குத் திருப்பி விட்டதால அவளாக் கொடுத்தது. நீ ஒரு நோட்டுப் போட்டு எழுது. எந்தத் தேதி போனே, எத்தனை மணிக்கு, பாத்தியா இல்லையா. பஸ் டிக்கெட்டை அதுலயே ஒட்டி வை.

கஸ்டடியே கேக்காதேன்னு நான் சொல்லல. உன்னால பாத்துக்க முடியும்னா கேளு. மாமா சொன்னாருன்னு கேக்காதே.

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

அண்ணா, சட்டை விஷயம் படிச்சிட்டு ஃபோனைக் கீழ வெச்சுட்டேங்ணா. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மிச்சத்தைப் படிச்சேன்.

வக்கீலக்கா, நைட் ஷிஃப்ட் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. எங்கம்மா இருக்காங்க, ஆனா அவங்களுக்கு சுகர். நெசமாச் சொன்னா பாப்பாவை இங்க கூட்டிட்டு வந்து எப்படி வெச்சுக்கறதுன்னு நான் நினைச்சுப் பாக்கவே இல்ல. ஜெயிக்கணும்னுதான் நினைச்சிருக்கேன் போல.

கேஸ் போடாமலே இந்த விசிட்டேஷன் மாதிரி எழுதி வாங்க முடியுங்களா? கோர்ட்டுக்குப் போனா அவங்க வீட்ல இன்னும் முறுக்கிக்குவாங்கன்னு பயமா இருக்கு. என்னையப் பாக்க விடாம வெச்சிருக்கறவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னும் தெரியல.

சேலத்துக்காரி

நான் அந்தப் பக்கத்து ஆளு தம்பி. அதாவது பாக்க விடாம வெச்சிருந்த அம்மா. எனக்கும் பொண்ணுதான்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். என் வீட்டுக்காரர் முதல் தடவை பிள்ளையைப் பாக்க வந்தப்ப ஒரு சுமோல வந்தாரு. கூட அவங்க சித்தப்பா, ரெண்டு மாமன், டிரைவர். பாக்கத்தான் வந்தாங்களாம். நான் உள் தாழ்ப்பாளைப் போட்டுட்டு பாத்ரூம்ல பிள்ளையோட உக்காந்திருந்தேன். அன்னைக்கு அவர் தனியா, ஒரு மஞ்சப் பையோட, பஸ்ல வந்திருந்தா நான் கதவைத் திறந்திருப்பேன்னு இப்பவும் நினைக்கறேன். நீங்க ஆரப்பாளையத்துக்குத் தனியாத்தானே போனீங்க? அதையே பண்ணுங்க. அண்ணன், மாமா யாரும் வேண்டாம்.

நானும் உத்தமி இல்ல. கோர்ட் உத்தரவு வந்தப்புறமும் ஒரு தடவை பிள்ளைக்குக் காய்ச்சல்னு பொய் சொன்னேன். காய்ச்சல் எதுவும் இல்ல. அதுக்கு முந்தின வாரம் அவர்கிட்ட போய்ட்டு வந்து ராத்திரி பூரா அழுதா, சாப்பிடல, என்னை அடிச்சா. அவங்க வீட்ல ஏதோ சொல்லிக் கெடுத்துட்டாங்கன்னு நினைச்சுட்டேன். ஸ்கூல் மிஸ்தான் சொன்னாங்க, லீவ் முடிஞ்சு திங்கக்கிழமை வர்ற பிள்ளைங்களும் இப்படித்தான் பண்ணும், ஒரு இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்கு மாறுறப்ப அழும், விஷம் ஏத்தி விட்டதால இல்லன்னு. அதுலருந்து அவ வந்த அன்னைக்கு நான் எதுவும் கேக்கறதில்ல. குளிக்க வெச்சு, ரசம் சாதம் கொடுத்து, படுக்க வெச்சிடுவேன்.

பணம் நிறுத்தினா வழிக்கு வருவாங்களான்னு கேட்டிருந்தீங்க. என் வீட்டுக்காரர் நிறுத்தினாரு. எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா, சரி, இனிமே இந்த ஆள்கிட்ட எதுக்கும் கேக்க வேண்டியதில்ல, கேட்டு யாரும் வரவும் வேண்டியதில்ல. நான் ஜாலியா இல்ல, ஆனா பிடிவாதம் ஏறிடுச்சு. நீங்க 14 மாசமா அனுப்பறது அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வெளிய சொல்ல மாட்டாங்க. தெரியும்.

பஸ் ஸ்டாண்ட் வேண்டாம், ஒரு நல்ல இடமாப் பேசி முடிவு பண்ணுங்க. எங்களுக்கு எங்க அண்ணன் கடை. காலைல பத்து மணிக்கு அங்க விடுவேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்கயே எடுத்துக்குவேன். நானும் அவரும் நேருக்கு நேர் பாத்துக்கறதே இல்ல. ஆரம்பத்துல அதுவே பெரிய நிம்மதி. உங்களைக் கூட்டிட்டு வந்து காமிச்ச அந்த மச்சான்கிட்டயே முதல்ல பேசுங்க. பக்கத்துல நின்னாருன்னு எழுதியிருக்கீங்க, அது காவல் மாதிரி தெரிஞ்சிருக்கும். அவர் கூட்டிட்டு வரலைன்னா அந்த அரை மணி நேரமும் கிடைச்சிருக்காது.

வக்கீலம்மா

கேஸ் இல்லாமலும் வழி இருக்கு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல மனு கொடுத்தா வழக்குக்கு முந்தின சமரசமா எடுத்துப்பாங்க, ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேச வைப்பாங்க. உதவி எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே அங்க இலவச வக்கீல் உண்டு, உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் இது தெரிஞ்சா நல்லது. இதை நான் சொல்றது உங்க எதிர்த் தரப்புக்கு உதவறதுக்கு இல்ல. ரெண்டு பக்கமும் விவரம் தெரிஞ்சவங்க உக்காந்தாத்தான் பேச்சு சீக்கிரம் முடியும்.

வெறும் முத்திரைத்தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா அது ஒரு நல்லெண்ணம், அவ்வளவுதான். அதை வெச்சு நாளைக்கு எதையும் நிறைவேத்த முடியாது. சமரசத்துல வந்ததை முறைப்படி பதிவு பண்ணி உத்தரவா வாங்கிக்கங்க. 'வசதிப்படும் நேரத்தில்' மெமோ மாதிரி எதையும் எழுதிடாதீங்க, அந்த அம்பத்தூர் அண்ணன் சொன்னதை அப்படியே பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. என் ஜூனியர்களுக்குக்கூட அதைக் கொடுக்கலாம்னு இருக்கேன்.

வாரம் ஒரு தடவை வேண்டாம். திருப்பூர்ல இருந்து அஞ்சு மணி நேரம் பஸ், வாராவாரம் உங்களால முடியாது. மூணாவது வாரமே தவறும், தவறினது பதிவாகும். மாசத்துக்கு ரெண்டு கேளுங்க, கேட்டதைக் காப்பாத்துங்க. மிச்சத்துக்கு ஃபோன்.

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கங்க. பத்து நாளாச்சு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.

மச்சான்கிட்ட பேசினேன். முதல் ரெண்டு நாள் எடுக்கல. மூணாவது நாள் எடுத்து, "என்ன மாமா, கேஸ் போடப் போறீங்களாமே"ன்னாரு. எங்க மாமா வாய் அங்க வரைக்கும் போயிருக்கு. இல்ல மாப்ள, சமரசத்துக்கு எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன், உங்கக்காகிட்ட முதல்ல சொல்லிடுங்க, தபால்ல வந்து தெரிய வேண்டாம்னு சொன்னேன். பாக்கலாம்னாரு. 5-ம் தேதி எப்பவும் போல 6,000 அனுப்பினேன், 'பாப்பா செலவு'ன்னு போட்டு. எப்பவும் பதில் வராது. இந்தத் தடவை ஒரு பில் போட்டோ வந்துச்சுங்க, ஸ்கூல் ஷூ, சாக்ஸ், 740 ரூபா. வேற ஒரு வார்த்தை இல்ல.

சூப்பர்வைசர்கிட்ட பகல் ஷிஃப்ட் கேட்டிருக்கேன். தீபாவளி ஆர்டர் முடியட்டும்னாரு. மாமாகிட்ட இன்னும் சொல்லல, அவர் கார்த்திகைக்கு நாள் எண்ணிட்டு இருக்காரு.

வர்ற ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழரைக்கு வீடியோ கால் போட்டுத் தர்றேன்னு மச்சான் சொல்லியிருக்காரு. பத்து நிமிஷம். சேலத்தக்கா, என்ன பேசறதுன்னு நீங்க ஏதாச்சும் சொன்னா நல்லா இருக்கும். இப்போதைக்குப் பூனையை வீடியோ எடுத்து வெச்சுக்கலாம்னு ரெண்டு நாளாப் பாக்கறேன், அது கேமராப் பக்கம் திரும்பவே மாட்டேங்குது.